ஐந்தாவது குரல்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். கூடத்தில் கிளை பரப்பி நிற்கும் செயற்கை மரத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். சற்றுத் தள்ளி, சுவரோரமாக ஒரு பெண் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரை ஒட்டி மூன்று பேர். பத்துப் பதினோரு வயதுப் பெண் அவரை ‘அத்தை’ என்கிறாள். எட்டு வயது இருக்கக்கூடிய பையனுக்கும் நாலு வயதுப் பொடியனுக்கும் அவர் ‘அம்மா’. பொடியன் மடியில் இருக்கிறான். பையன் தோளில் சாய்ந்திருக்கிறான். அந்தச் சிறுமி எதிரே உட்கார்ந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பார்க்கிறாள்.

பக்கத்தில் ஒரு குட்டை நாற்காலியில் நான். பார்க்கிறேன், கேட்கிறேன். பேசவில்லை.

அம்மாவின் கையில் ஆந்தனி பிரௌன் எழுதிப் படமும் வரைந்த ‘வாய்சஸ் இன் த பார்க்’. 1998-இல் இங்கிலாந்தில் வெளியான படக்கதை. ஆங்கில வரிகளைக் கண்ணால் ஓட்டிவிட்டுத் தமிழில் சொல்கிறார்.

“இது முதல் குரல். ஒரு அம்மா பேசறாங்க.”

“குரங்கு!” என்கிறான் பொடியன். அந்தப் புத்தகத்தில் எல்லாருக்கும் கொரில்லா, சிம்பன்சி முகம்தான்; உடுப்பு மட்டும் மனிதர்களுடையது.

“சரி, குரங்கு அம்மா. அவங்ககிட்ட விக்டோரியான்னு ஒரு ஜாதி நாய். சார்ல்ஸ்னு ஒரு பையன். ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் பார்க்குக்குப் போறாங்க. அங்க ஒரு தெருநாய் வந்து விக்டோரியாவைத் தொந்தரவு பண்ணுது. விரட்டறாங்க, போகமாட்டேங்குது. அப்புறம் திரும்பிப் பாத்தா பையனக் காணோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கறாங்க. கடைசியில அவன், பாத்தாலே முரடாத் தெரியற ஒரு பொண்ணுகிட்டப் பேசிக்கிட்டு நிக்கறான். கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துடறாங்க. வழியில ஒரு வார்த்தை பேசல.”

பொடியன் நெற்றியைச் சுருக்குகிறான். “கெட்ட நாய்.”

யாரும் மறுக்கவில்லை. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், புத்தகத்தில் வரும் அம்மாவானாலும்.

இரண்டாம் குரல். எழுத்தின் உருவமே மாறிவிட்டது, தடித்த எழுத்து. முதல் குரலில் இலையுதிர் காலமாக இருந்த பூங்கா இங்கே குளிர்காலத்தில் இருக்கிறது. “இவர் ஒரு அப்பா. வேலை இல்ல. வீட்டுக்குள்ளயே இருந்தா என்னமோ மாதிரி இருக்குன்னு பொண்ணையும் நாயையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பறாரு. பார்க் பெஞ்சுல உக்காந்து பேப்பர்ல வேலை இருக்கான்னு பாக்கறாரு.”

பையன் நிமிர்ந்து, படத்தில் விரலைக் குத்துகிறான். “அம்மா! இது அந்த நாய்! அவங்க விரட்டினாங்கள்ல, அது!”

“கெட்ட நாயா?” என்கிறான் பொடியன். இந்த முறை கேள்வியாக.

போகிற வழியில் தெரு இருண்டு கிடக்கிறது. நடைபாதையில் சாய்த்து வைத்திருக்கும் ஓவியத்தில் மோனாலிசா அழுகிறாள். திரும்புகிற வழியில் அதே தெருவில் விளக்குகள் எரிகின்றன. மோனாலிசா சட்டத்தை விட்டு வெளியே வந்து ஆடுகிறாள். “நடுவுல என்ன ஆச்சு அத்தை?” என்று கேட்கிறாள் எதிரே இருப்பவள். “ஒண்ணும் ஆகல. பொண்ணு வழியெல்லாம் அவர்கிட்டப் பேசிக்கிட்டே வந்தா.”

மூன்றாம் குரல் சார்ல்ஸுடையது. வீட்டில் தனியாக இருப்பவன். பூங்காவில் அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறான். இந்தப் பக்கங்களில் அம்மா எதையும் விளக்குவதற்கு முன்பே பெண் கண்டுபிடித்துவிடுகிறாள்: மேகம் தொப்பி வடிவம், விளக்குக் கம்பம் தொப்பி வடிவம், மரத்தின் உச்சி தொப்பி வடிவம். எல்லாம் அவன் அம்மாவின் தொப்பி. “அவங்கம்மா பக்கத்துல இல்லாதப்பக்கூடத் தொப்பி இருக்கு அத்தை” என்கிறாள். அந்தக் குழந்தையின் மனத்தை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லிவிட முடியாது. ஒரு பெண் வந்து சார்ல்ஸைச் சறுக்குமரத்துக்குக் கூப்பிடுகிறாள். அவன் போகிறான். தனக்கு நன்றாக வரும் மரமேறுதலை அவளுக்குக் காட்டுகிறான். பிறகு அம்மா வந்துவிடுகிறார்.

நான்காம் குரலில் கோடைகாலம். பக்கம் முழுக்க நிறம். பேசுகிறவள் ஸ்மட்ஜ். “அந்த முரட்டுப் பொண்ணு இவதானா?” என்று பையன் வாய்விட்டுச் சிரிக்கிறான். நாய்க்கு இங்கேதான் பெயர் கிடைக்கிறது: ஆல்பர்ட். சார்ல்ஸ் ஒரு பூவைப் பறித்து ஸ்மட்ஜுக்குக் கொடுக்கிறான். வீட்டுக்குப் போனதும் அவள் அதைத் தண்ணீரில் நிறுத்தி வைக்கிறாள். அப்பாவுக்கு டீ போட்டுக் கொடுக்கிறாள்.

கதை முடிந்தது. புத்தகத்தை மூடத்தான் பிள்ளைகள் விடவில்லை.

ஒரே குரலில் வரும் கதையைக் குழந்தை முன்னோக்கியே படிக்கும், ‘அப்புறம்?’ என்பதுதான் அங்கே கேள்வி. இங்கே மூன்று கைகள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டுகின்றன. தெருநாய் ‘தொந்தரவு’ செய்ததாகச் சொல்லப்பட்ட இடத்தைப் பையன் தேடிப் பிடிக்கிறான். படத்தில் இரண்டு நாய்களும் மாறி மாறித் துரத்திக்கொண்டு ஓடுகின்றன. “தொந்தரவே பண்ணல. விளையாடுதுங்க.” பொடியன் எட்டிப் பார்த்துத் தன் தீர்ப்பைத் திருத்துகிறான்: “நல்ல நாய்.” முதல் முறை பார்த்தபோதும் அதே படம்தான் அவர்கள் முன் இருந்தது. சொன்னவர் மேல் வைத்த நம்பிக்கையில் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது.

இந்தக் கதையை ஆந்தனி பிரௌன் 1977-லேயே ஒரு முறை எழுதிவிட்டார். ‘அ வாக் இன் த பார்க்’ என்பது அதன் பெயர். இதே இரண்டு குடும்பங்கள், இரண்டு நாய்கள், ஒரு பூங்கா. அதில் கதை சொல்பவர் ஒருவரே. இருபது ஆண்டுக்குப் பின் அதையே எடுத்து நாலு பேர் வாய்க்குப் பிரித்துக் கொடுத்தார். அதனால் கதையில் எல்லாம் அறிந்தவர் யார் என்பது மாறிப்போனது. முதல் புத்தகத்தில் எல்லாம் அறிந்தவர் கதைசொல்லி. இரண்டாவதில் அப்படி ஒருவர் உள்ளே இல்லை. பெஞ்சின் மறுமுனையில் இருப்பவர் வேலை தேடி அலைகிறவர் என்பது சார்ல்ஸின் அம்மாவுக்குத் தெரியாது. எதிர்முனைப் பையன் வீட்டில் எவ்வளவு தனியாக இருக்கிறான் என்பது ஸ்மட்ஜின் அப்பாவுக்குத் தெரியாது. தான் கொடுத்த பூ ஒரு கோப்பைத் தண்ணீரில் நிற்பது சார்ல்ஸுக்குத் தெரியாது. அடுத்த முறையும் அவளைப் பார்க்க வேண்டுமென்று அவன் ஏங்குவது ஸ்மட்ஜுக்குத் தெரியாது. இவ்வளவும் தெரிந்த ஒரே ஆள், மடியில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பொடியன்.

பல குரல்களில் எழுதப்படும் சிறார் கதை குழந்தைக்குச் செய்யும் பெரிய மரியாதை இதுதான் என்று நினைக்கிறேன். குழந்தையின் நாள் முழுவதும் பிறர் சொன்னதை நம்பி நடக்கிறது. எங்கே போகிறோம், ஏன் போகிறோம், யாரிடம் பேசலாம், யாரைக் கண்டால் ஒதுங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் பெரியவர்களிடம் முழு விவரம் இருக்கிறது. தன்னிடம் ஒரு துண்டு இருக்கிறது. அப்படிப் பழகிய ஒருவருக்கு இந்தப் புத்தகம் முழு விவரத்தையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. கூடவே, தெரிந்தவர் என்ற பொறுப்பையும்.

நாலு வயதுக்கு இது தாங்குமா? தாங்காது என்று ஒரு காலத்தில் உளவியல் சொன்னது. சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் மூன்று மலைகள் கொண்ட மாதிரி ஒன்றைக் குழந்தைகள் முன் வைத்தார்கள். குழந்தை ஒரு பக்கம், பொம்மை ஒன்று வேறொரு பக்கம். பொம்மைக்கு மலைகள் எப்படித் தெரியும் என்று படங்களிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னார்கள். சிறு பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த காட்சியையே எடுத்துக் கொடுத்தார்கள். மற்றவர் இடத்தில் நின்று பார்க்கச் சின்னக் குழந்தையால் இயலாது என்பது அவர்களின் முடிவு.

1970-களில் எடின்பரோவில் மார்ட்டின் ஹியூஸ் சோதனையை மாற்றினார். மலைகளுக்குப் பதிலாகக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு சுவர்கள், போலீஸ்காரப் பொம்மைகள், ஒரு பையன் பொம்மை. போலீஸ்காரர் கண்ணில் படாமல் பையனை ஒளித்து வை என்றார். மூன்றரை முதல் ஐந்து வயது வரையிலான 30 குழந்தைகள் செய்தார்கள். போலீஸ்காரர்கள் இருவராகி, இருவர் பார்வைக்கும் தப்பும் இடத்தைத் தேட வேண்டியிருந்தபோதும் 90 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். மார்கரெட் டொனால்ட்சன் 1978-இல் ‘சில்ட்ரன்ஸ் மைண்ட்ஸ்’ நூலில் இதற்குக் காரணம் சொன்னார்: தேடுகிறவர் மனமும் ஒளிகிறவர் மனமும் குழந்தைக்குத் தெரிந்தவை. மலைகளுக்கு அப்படி ஒரு நோக்கம் கிடையாது. ஆகவே, மற்றவர் இடத்தில் நின்று பார்க்கும் ஆற்றல் குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஒரு காரணம் வேண்டும். ஒருவர் எதையோ விரும்புகிறார், இன்னொருவர் அதைத் தடுக்கிறார் என்று சொன்னால் போதும், குழந்தை இருவரிடமும் போய்வரும். கதை என்றால் அதுதானே.

இங்கே சுவரோரத்தில் வழக்கு ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

“அந்த அம்மா கெட்டவங்க” என்கிறான் பையன். “நாயையும் விரட்டறாங்க, அந்தப் பொண்ணையும் முரடுங்கறாங்க.”

பெண் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, முதல் குரலுக்குப் போகிறாள். “இருடா. பையனக் காணோம்னு கத்தறாங்க பாரு. பயந்துட்டாங்க.”

“பயந்தா, திட்டுவாங்களா?”

“பீச்ல நீ காணாமப் போனப்ப அத்தை என்ன பண்ணாங்க?”

பையன் திரும்பித் தன் அம்மாவைப் பார்க்கிறான். “அடிச்சேன்” என்கிறார் அவர். சுற்றி வளைக்கவில்லை.

பையன் சற்று நேரம் யோசிக்கிறான். “நீ பயந்தது சரி. அவங்க பயந்ததும் சரி. ஆனா அந்தப் பொண்ணு முரடு இல்லல்ல? அப்படிச் சொன்னது தப்புதானே?”

“தப்புதான்.”

எட்டு வயதில் ஒருவன் இவ்வளவு தூரம் வந்துவிட்டான். ஒருவர் ஏன் அப்படி நடந்தார் என்று புரிந்துகொள்வது வேறு, அவர் செய்தது சரி என்று ஒப்புக்கொள்வது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் வளர்ந்தவர்களின் வீடுகளிலும் ஊர்களிலும் எத்தனை பேச்சுவார்த்தை முறிந்துபோகிறது. பல குரல் கதைகளைப் பற்றிப் பெற்றோர் சிலருக்கு ஒரு கவலை உண்டு: அவரவர் பக்கம் அவரவருக்கு நியாயம் என்று பிள்ளை கற்றுக்கொண்டால் எது சரி, எது தவறு என்ற பிடிமானம் போய்விடாதா? நான் பார்த்தது நேர் எதிரானது. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டபோதுதான் பொடியன் யோசிக்காமல் ‘கெட்ட நாய்’ என்றான். நாலு பக்கமும் கேட்ட பின் பிள்ளைகள் சாட்சியைத் தேடிப் படத்துக்குப் போனார்கள். யார் சொன்னது படத்தோடு பொருந்துகிறது, யார் சொன்னது பொருந்தவில்லை என்று பார்த்தார்கள். தீர்ப்பு தாமதமானது, தாமதமானதால் உறுதியானது.

இன்னும் சில ஆண்டுகளில் அந்தப் பெண் பால் ஃபிளைஷ்மனின் ‘சீட்ஃபோக்ஸ்’ படிக்கலாம். 1997-இல் வந்த சிறு நாவல். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் குப்பை மண்டிக் கிடக்கும் ஒரு காலி மனை, அதைத் தோட்டமாக்கும் தெருக்காரர்கள், 13 பேரின் குரல்கள். முதலில் பேசுவது கிம், வியட்நாமிலிருந்து வந்த ஒன்பது வயதுச் சிறுமி. அவள் பிறப்பதற்கு முன்பே அப்பா இறந்துபோனார். அவர் விவசாயி. தானும் விதைத்து முளைக்க வைத்தால் எங்கிருந்தோ அவர் தன்னைக் கவனிப்பார் என்ற ஆசையில், யாரும் பாராத நேரமாகப் போய் அந்த மனையில் மொச்சை விதைக்கிறாள். அடுத்த குரல் ஆனா, மேல்மாடி ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் முதியவள். சிறுமி எதையோ புதைப்பதைக் காண்கிறாள். போதைப் பொருளாக இருக்கும் என்று ஐயப்படுகிறாள். இறங்கிப் போய்த் தோண்டினால் மொச்சை. வெட்கத்தில் குறுகிப்போகிறாள். சிறுமியின் குரலை முன்பே கேட்டுவிட்ட வாசகர், ஆனா தோண்டும்போது ‘வேண்டாம்’ என்று பதறுகிறார். அந்தப் பதற்றத்தை ஒற்றைக் குரல் தந்திருக்க முடியாது. அதே சமயம் ஆனாவை வெறுக்கவும் முடியவில்லை. அந்தத் தெருவில் அவள் கண்டு வந்தது அவ்வளவு.

நூலகத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

“நாய்க்கு மட்டும் ஏன் குரல் இல்ல?” பையன்தான். “நாலு பேர் பேசறாங்க. நாய் ரெண்டும்தான் ரொம்ப ஜாலியா இருந்துச்சு. அதுங்கள யாரும் கேக்கல.”

அம்மா அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார், இன்னும் ஒரு பக்கம் இருக்குமோ என்பதுபோல. “ஆமால்ல” என்கிறார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். ஒருவர் குரலில் மட்டும் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி பிறந்திருக்காது. நாலு பேருக்கு வாய் கொடுத்ததால்தான் ஐந்தாவது வாய் மூடிக் கிடப்பது கண்ணில் பட்டது. ஆர். ஜே. பலாசியோவின் ‘வொண்டர்’ 2012-இல் வந்தபோதும் இந்தக் கேள்வி எழ இடமிருந்தது. முக அமைப்பு மாறிப் பிறந்த ஆகஸ்ட் என்ற சிறுவன் முதல் முறையாகப் பள்ளிக்குப் போகிறான். அவன் சொல்கிறான். அவனால் பின்னுக்குத் தள்ளப்பட்ட அக்கா வியா சொல்கிறாள். தோழி சம்மர், நண்பன் ஜாக், அக்காவின் தோழன் ஜஸ்டின், பழைய தோழி மிராண்டா ஆகியோரும் சொல்கிறார்கள். அவனைத் துன்புறுத்தும் ஜூலியனுக்கு மட்டும் நாவலில் குரல் இல்லை. 2014-இல் ‘த ஜூலியன் சாப்டர்’ என்று அவனுக்காகத் தனிக் கதையே எழுதினார் பலாசியோ. கொடுமை செய்தவனுக்கும் ஒரு பயம் இருந்தது என்று அது காட்டியது. கொடுமையைச் சரி என்று சொல்லவில்லை. யாருடைய குரல் விடுபட்டிருக்கிறது என்று கேட்கும் பழக்கம் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் அது புத்தகத்தோடு நிற்காது. வகுப்பில் பேசாமல் பின்வரிசையில் இருப்பவனைப் பற்றி, வீட்டு வேலைக்கு வருகிற அக்காவைப் பற்றி, பஞ்சாயத்தில் கூப்பிடப்படாத தரப்பைப் பற்றி அந்தப் பிள்ளை ஒரு நாள் கேட்கும்.

தமிழுக்கு இது அந்நியமான வழி இல்லை. அகப்பாடல் எதுவும் புலவரின் சொந்தக் குரலில் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று என்று யாரோ ஒருவர்தான் பேசுகிறார். யார் எப்போது பேசலாம் என்று தொல்காப்பியம் வகுத்தே வைத்திருக்கிறது. காதலனோடு ஊரைவிட்டுப் போன மகளை நினைத்துத் தாய் புலம்புவதும், பாலை வழியில் அவர்களைக் கண்டவர்கள் பேசுவதும் ஐங்குறுநூற்றில் அடுத்தடுத்த பத்துகளாக நிற்கின்றன. ஒரு புறப்பாடு, தாய்க்கு அது இழப்பு, போகிறவளுக்கு அது வாழ்வு. எது சரி என்று புலவர் நடுவில் வந்து சொல்வதில்லை. இவ்வளவு பெரிய சொத்து நம்மிடம் இருக்க, பிள்ளைகளுக்கென்று எழுதும்போது மட்டும் பெரும்பாலும் ஒரே குரலில் சொல்லி, கடைசி வரியில் நீதியையும் நாமே எழுதிவிடுகிறோம். நீதிக்கதை மேல் எனக்குக் குறை இல்லை. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். பிள்ளை செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்து நாமே செய்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

“என் பேரு விக்டோரியா” என்று பையன் தொடங்கிவிட்டான். “எங்க வீட்டம்மா என்னை ஓடவே விட மாட்டாங்க. இன்னிக்குத்தான் ஒருத்தன் வந்து வா ஓடலாம்னான்.”

“நான்தான் ஆல்பர்ட்” என்கிறாள் பெண். “எங்க வீட்ல அப்பா சிரிக்கிறதே இல்ல. அதனால நான் ரெண்டு பேருக்கும் சேத்து ஓடறேன்.”

பொடியனுக்குத் தாங்கவில்லை. “நான் சறுக்குமரம்!”

“சறுக்குமரம் என்னடா சொல்லுது?”

“ஏறும்போது பயப்படறாங்க. கீழ வரும்போது சிரிக்கறாங்க.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்க, அம்மா “ஒவ்வொருத்தரா” என்று கையைக் காட்டுகிறார்.

தமிழில் சிறாருக்கு எழுதுகிறவர்களிடமும், அதை அச்சிடுகிறவர்களிடமும், இரவில் கதை சொல்லும் வீட்டுப் பெரியவர்களிடமும் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. கதையில் நாலு பேரைப் பேசவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் தெரியாத ஒன்றை மற்றவர் வாயில் வையுங்கள். தீர்ப்பை எழுதாமல் நிறுத்துங்கள். நாம் விட்டுவைக்கும் அந்த இடத்தைப் பிள்ளைகள் நிரப்புவார்கள். நமக்குத் தோன்றாத ஐந்தாவது குரலையும் அவர்களே கொண்டுவந்து சேர்ப்பார்கள்.